வார்ஃபரினா, அபிக்சபானா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் எது யாருக்கு

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் படபடப்பை விடப் பக்கவாதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இதயத்தின் மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பின் வேகத்தைக் குறைக்குமே தவிர, கட்டி உருவாவதைத் தடுக்காது. அதற்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை தனியாக வேண்டும்; வார்ஃபரினும் அபிக்சபானும் அந்த வகை.

ஆஸ்பிரினை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வார்ஃபரின் ஒத்துவராதவர்களிடம் ஆஸ்பிரினையும் அபிக்சபானையும் ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய ரத்தக்கசிவோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 'வயதானவர், ஆஸ்பிரினே போதும்' என்ற பழைய சமாதானம் அதோடு முடிந்தது.

மிச்சப் போட்டி வார்ஃபரின், அசினோகூமரால் என்ற பழைய ஜோடிக்கும், அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான் என்ற புதியவற்றுக்கும். இங்கே விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதய வால்வு எப்படி இருக்கிறது? சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியிருந்தாலோ, உலோக வால்வு பொருத்தியிருந்தாலோ பழைய மாத்திரைதான். ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வில் (2022) ரிவரோக்சபான் பிரிவில்தான் மரணங்கள் அதிகம். நம் ஊரில் ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் ஒழியவில்லை. எக்கோ பார்க்காமல் புது மாத்திரைக்குத் தாவக் கூடாது.

வால்வு நன்றாக இருந்தால் தராசு புதியவற்றின் பக்கம் சாய்கிறது. 18,201 பேரை வைத்து நடந்த அரிஸ்டாட்டில் ஆய்வில், வார்ஃபரினைவிட அபிக்சபானில் பக்கவாதமும் பெரிய ரத்தக்கசிவும் குறைவு. மண்டைக்குள் கசிவது பாதிக்கும் கீழ்.

வார்ஃபரினின் தொல்லை ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண். அது பெரும்பாலானோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் கட்டி, 4-ஐத் தாண்டினால் கசிவு. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்; அதற்காக முருங்கைக்கீரையை விட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல், கோட்ரைமோக்சசோல் போன்ற கிருமி, பூஞ்சை மருந்துகள் சேர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறிவிடும், சில நாளில் மறுபடி பார்க்க வேண்டும். லேபிலும் ஒரு கண் இருக்கட்டும்: நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால், உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் மிகுந்து ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் வம்பு.

புதியவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, ஆனால் சிறுநீரகக் கணக்கு தேவை. 78 வயதுப் பாட்டி, 48 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் 1.1 என்று வைத்துக்கொள்வோம். லேப் தாளில் அது 'நார்மல்'. 140-இல் வயதைக் கழித்தால் 62; அதை எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் வருவது சுமார் 32; சிறுநீரகம் நிமிடத்துக்கு இத்தனை மில்லி சுத்தம் செய்கிறது என்று பொருள். இந்த அளவுக்கு ரிவரோக்சபான் 20 அல்ல, 15 மி.கி.; அதுவும் சாப்பாட்டோடுதான், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. டாபிகட்ரான் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் இவருக்கு ஏற்றதல்ல. அதன் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கலக்கிக் கொடுப்பதும் கூடாது, மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறும்.

அபிக்சபான்? 80 வயதோ அதற்கு மேலோ, 60 கிலோவோ அதற்குக் கீழோ, கிரியாட்டினின் 1.5-ஓ அதற்கு மேலோ: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. பாட்டிக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே முழு 5 மி.கி., இரு வேளை. ஒல்லியாக இருக்கிறார் என்று பயந்து பாதி டோஸ் எழுதுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. காசு கொடுத்து வாங்கிய மாத்திரை காவல் காக்காது.

மாத்திரையை மறக்கிறவருக்கு எது நல்லது என்பதில் குழப்பம் உண்டு. வார்ஃபரினின் வேலை சில நாள் நீடிக்கும். அபிக்சபானை ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். விட்ட வேளை 6 மணி நேரத்துக்குள் நினைவுக்கு வந்தால் போடலாம். அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ எடுப்பவருக்குப் புதிய மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், அவரை ஐ.என்.ஆர். பார்த்து வார்ஃபரினில் வைப்பதே மேல்.

எதை எடுத்தாலும் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டாம், கசிவைக் கூட்டும். மலம் தார்போல் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி. வார்ஃபரினிலிருந்து அபிக்சபானுக்கு மாறும்போது வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இறங்கியதும் முதல் மாத்திரை. இரண்டையும் ஒன்றாக ஓட்டக் கூடாது.