நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கு கிரானா, சிஸ்டம்டி டைமரா?

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு சென்சார் மாட்டியிருக்கிறோம். அதைப் படித்து சர்வருக்கு அனுப்புவது ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். மோட்டார் ஓடும்போது தொட்டி மளமளவென்று ஏறிவிடும் என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறையாவது அது ஓடியாக வேண்டும். ஓட்டுவது ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி. குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்ப லினக்ஸில் இரண்டு வழிகள்: பழைய கிரான், பின்னணி வேலைகளை (சர்வீஸ்) நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர். முதலில் கிரான், அப்புறம் சிஸ்டம்டி டைமர் என்று இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாயிற்று.

கிரானைக் குறை சொல்ல மனம் வராது. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இன்றும் ஓடுவது 1987-ல் பால் விக்ஸி எழுதியதன் வாரிசுதான். ஐந்து நட்சத்திரக் குறிகள், பக்கத்தில் ஸ்கிரிப்ட்டின் பாதை, அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட ஆரம்பித்துவிடும். அதன் வினோதங்கள் பழகிப்போகும். நாம் டெர்மினலில் வைத்திருக்கும் சூழல் அதற்குத் தெரியாது, ஆகவே பாதையை முழுசாக எழுத வேண்டும். கட்டளையில் % குறி வந்தால் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். நிமிடப் புலத்தில் */7 என்று போட்டால் ஏழு நிமிட இடைவெளி எப்போதும் கிடைக்காது. 56-ஆவது நிமிடத்தில் ஓடியது, நாலே நிமிடத்தில் அடுத்த மணியின் தொடக்கத்தில் மறுபடி ஓடும். 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாகப் பார்த்துப் போடுவது நல்லது.

உண்மையான தலைவலி வேறு. கிரான் பள்ளிக்கூட மணி மாதிரி: நேரமானால் அடிக்கும், போன வகுப்பு முடிந்ததா என்று பார்க்காது. ஒருநாள் இன்டர்நெட் இழுவையாக இருந்தபோது சென்சார் ஸ்கிரிப்ட் சர்வரின் பதிலுக்காகக் காத்து நின்றது. சர்வரோடு பேச உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட், அதாவது காத்திருப்புக்கு வரம்பு, நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் காத்திருக்கும். அடுத்த நிமிடம் இன்னொன்று, அதற்கடுத்த நிமிடம் இன்னொன்று. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஸ்கிரிப்ட் வரிசையாக நின்று மெமரியைத் தின்றுகொண்டிருந்தது. தினம் ஒருமுறை ஓடும் வேலையில் இது தலைகாட்டவே காட்டாது. இடைவெளி குறையக் குறையத்தான் வரும். இதற்கு மருந்து ‘எஃப்லாக்’ கட்டளை. ஒரு ஓட்டம் பூட்டைப் பிடித்துக்கொள்ளும்; அடுத்தது பூட்டு கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடும்படி வைக்கலாம். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பழைய ஓட்டம் தொங்கிக்கொண்டே இருந்தால் புதியது எதுவும் ஓடாது, அதைச் சொல்லவும் ஆள் இருக்காது.

அதனால்தான் டைமருக்கு மாறினேன். ஒரு வரிக்குப் பதில் இரண்டு கோப்புகள் (என்ன ஓட வேண்டும் என்று சர்வீஸ், எப்போது என்று டைமர்) எழுத வேண்டும் என்பது எரிச்சல்தான். ஆனால் சர்வீஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் டைமர் இரண்டாவதைக் கிளப்பாது. பூட்டுத் தொல்லை போயிற்று. கூடவே வேலைக்கு நேர வரம்பு போடும் டைம்அவுட்ஸ்டார்ட்செக் என்ற அமைப்பை 50 விநாடி என்று வைத்திருக்கிறேன். ஒருமுறை ஓடி முடிந்துவிடும் ‘ஒன்ஷாட்’ வகை சர்வீஸுக்கு இந்த வரம்பு தானாக வராது, நாம்தான் எழுத வேண்டும். தொங்கினால் சிஸ்டம்டியே கொன்றுவிடும், அடுத்த சுற்று வழக்கம்போல் ஓடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைமரின் துல்லியம் இயல்பாக ஒரு நிமிடம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பல வேலைகளைச் சேர்த்து எழுப்புவதற்காக அப்படி. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கு அது அபத்தம். ஓட்டங்களின் பதிவை (லாக்) பார்த்தால் இடைவெளி தாறுமாறாகத் தெரியும். இந்தத் துல்லியத்தை வைக்கும் அக்யுரசிசெக்கை 1 விநாடி ஆக்கியதும் சீரானது.

ராஸ்பெர்ரி பையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. பை 4 வரை அதில் தனிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் நெட் வரும்வரை பழைய நேரத்தையே காட்டும், பிறகு ஒரே தாவாகச் சரியாகும். ‘கடைசியாகக் கிளம்பியதிலிருந்து 60 விநாடி’ என்று வைத்த டைமர் சுவர்க் கடிகாரத்தை நம்புவதில்லை, அதனால் இந்தத் தாவல் அதைத் தொடாது.

குறை என்றால் லாக்தான். நிமிடத்துக்கு நிமிடம் தொடங்கியது, முடிந்தது என்று வரிகள் குவியும். எஸ்டி கார்டைக் காப்பாற்ற ஜர்னலின் (சிஸ்டம்டி பதிவேடு) அளவுக்கு வரம்பு போட வேண்டியிருந்தது. ஆனாலும் ‘லிஸ்ட்-டைமர்ஸ்’ என்று கேட்டால் கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது என்று ஒரே பார்வையில் தெரிவதற்கு இது தாங்கும்.

சில விநாடிகளுக்கு ஒருமுறை வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம். கிரான் நிமிடத்துக்குக் கீழே இறங்காது. டைமர் இறங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் பைத்தானை முதலிலிருந்து எழுப்பும் செலவு கட்டாது. ஸ்கிரிப்டுக்குள்ளேயே சுற்று வைத்து, விழுந்தால் தானாக எழும் சர்வீஸாக ஓட விடுங்கள். ராத்திரி பேக்கப் மட்டும் இன்னும் கிரானில்தான் இருக்கிறது. அதை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.