1.4 மீட்டர் டிஷ் சூரிய அடுப்பு: குவியம் சரியாக இருந்தால் சோறு வேகும்

எஸ்கே-14 வகை டிஷ் அடுப்பை வாங்கப் போகிறவர்கள் தகட்டின் பளபளப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். குவியம், அதாவது தகட்டில் பட்ட வெயில் ஒன்றாகச் சேரும் புள்ளி, எங்கே விழுகிறது என்று பாருங்கள். வாய் அகலம் 140 செ.மீ., குவியத் தூரம் (கிண்ணத்தின் அடியிலிருந்து குவியம் வரை) 28 செ.மீ. ஆரத்தின் வர்க்கத்தைக் குவியத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஆழம் வரும்: 4900-ஐ 112-ஆல் வகுக்க, 43.75 செ.மீ. ஆக, குவியம் விளிம்புக்கு 15.75 செ.மீ. கீழே, கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்த மாடலின் பெரிய பலம் இதுதான். இதே அகலத்தில் குவியத் தூரம் 60 செ.மீ. என்றால் ஆழம் 20 செ.மீ. சொச்சம்தான், குவியம் விளிம்புக்கு மேலே ஏறி, குனிந்து கிளறுபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

ஆழமான கிண்ணம் என்பதால் பானையின் பக்கங்களிலும் ஒளி படும். வெளிப்புறம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் வந்த ஒளியில் பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடும்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 20 நிமிடத்தில் 5 பாகை. ஒளிப்பொட்டு சுமார் இரண்டரை செ.மீ. விலகும். 20 செ.மீ. அடியுள்ள பானை அதைத் தாங்கிக்கொள்ளும், அதற்குமேல் டிஷ்ஷைத் திருப்பியாக வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் பூட்டும்போதே வந்துவிடுகிறது. தகடுகளைப் பொருத்துமுன் நட்டுகளை முழுதாக முறுக்கினால் சட்டம் கோணும். சோதிப்பது எளிது. பரவளையத்தில், அதாவது இந்தக் கிண்ணத்தின் வளைவில், எந்தப் புள்ளியும் குவியத்துக்கும் இயக்குவரைக்கும் (அடியிலிருந்து குவியத் தூரம் அளவு கீழே இருக்கும் கற்பனைக் கோடு) சம தூரம். எனவே குவியத்தில் ஒரு நூலைக் கட்டி 71.75 செ.மீ. (28 + 43.75) அளந்தால், விளிம்பை எல்லாப் பக்கமும் சரியாகத் தொட வேண்டும். நடுவிலிருந்து 35 செ.மீ. தள்ளியுள்ள வளையத்துக்கு 38.9 செ.மீ. ஒரு பக்கம் மட்டும் நீண்டாலோ குறைந்தாலோ அங்கே தகடு பிதுங்கியிருக்கிறது. அளக்கும் வேலையை நிழலில் செய்யுங்கள், வெயிலில் கை வெந்துவிடும்.

நல்ல வெயிலில் 600 வாட் வரை கிடைக்கும். 3 லிட்டர் தண்ணீர் அரை மணிக்குள் கொதிக்கும். சோறு, பருப்பு, வறுவல் எல்லாம் ஆகும். மேகமூட்டத்தில் ஒன்றும் ஆகாது: சிதறி வரும் ஒளி அச்சுக்கு இணையாக வராததால் குவியத்தில் சேராது. அந்த நாட்களில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் சூட்டைத் தேக்கும் பெட்டி அடுப்பாவது கொஞ்சம் சூடு பிடிக்கும்.

தகட்டை மெல்லிய துணியும் தண்ணீரும் கொண்டு மட்டும் துடையுங்கள், கம்பி நார் கூடாது. சமையல் முடிந்ததும் கிண்ணத்தைச் சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பி, மூடி வையுங்கள்.