எஸ்எஸ்டியா, இரண்டாவது ராமா?

கிளிநொச்சியில் என் மருமகன் வைத்திருப்பது 2013 காலத்து மடிக்கணினி: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை, லினக்ஸ் மின்ட் இயங்குதளம். சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தய ஆட்டத்தை ஓட்டினால் வளைவுகளில் படம் திக்கித் திக்கி நிற்கிறது. சேர்த்து வைத்த காசு ஒரு பொருளுக்குத்தான் காணும்.

கடைகளில் கேட்டால் எஸ்எஸ்டி (வன்தட்டுக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) என்றுதான் முதலில் சொல்வார்கள். கணினி சட்டென்று எழும்பும், ஆட்டம் ஏறும் நேரம் குறையும், அது உண்மை. ஆனால் பந்தயம் தொடங்கிய பிறகு வன்தட்டுக்கு அதிக வேலை இல்லை. திக்கல் அப்படியேதான் இருக்கும்.

ராமின் கதை வேறு. இவ்வகைக் கணினியில் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ராமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. டிடிஆர்3-1600 வகை ராம் ஒன்றே ஒன்று செருகியிருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 12.8 ஜிபி தரவுதான் போய்வரும். அதே அளவில் இன்னொன்றைச் செருகினால் இரு பாதைகள் திறந்து 25.6 ஜிபி ஆகிறது. அதனால், உள்ள 4 ஜிபியைக் கழற்றிவிட்டு ஒற்றை 8 ஜிபி போடுவதைவிட நான்கும் நான்குமாகப் போடுவதே ஆட்டத்துக்கு நல்லது. நான் ராமின் பக்கம்தான்.

காசில்லாத வழிகளில் கேம்மோட் என்ற மென்பொருள் ஒன்று. செயலியை மின்சிக்கன நிலையிலிருந்து எடுத்து முழு வேகத்தில் வைக்கும். செயலியும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் வெப்பத்தைப் பங்கிடுவதால் இங்கே பலன் சொற்பம். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை முகப்புக்கு மாறினால் கொஞ்சம் ராம் மிஞ்சும். விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்ட, அவற்றின் கிராபிக்ஸ் கட்டளைகளை வல்கன் என்ற இடைமுகத்துக்கு மாற்றித்தரும் டிஎக்ஸ்விகேயை நம்ப வேண்டாம். இந்தத் தலைமுறையில் வல்கன் ஆதரவு முழுமையாக இல்லை. ஓபன்ஜிஎல் என்ற இன்னொரு இடைமுகம் வழியே அதே வேலையைச் செய்யும் வைன்டி3டியே பொருத்தம்.

இவை எல்லாவற்றுக்கும் முன் விசிறியைத் திறந்து பாருங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் செம்மண் தூசு எதற்குள்ளும் புகுந்துவிடும். காற்று வழி அடைபட்டால் செயலி சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மருமகனின் கணினியில் திக்கலின் ஒரு பகுதி தூசைத் துடைத்ததுமே போய்விட்டது.

ராம் வாங்க வவுனியாவுக்கு பஸ் ஏறுமுன் பின்மூடியைக் கழற்றி இரண்டாவது செருகிடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் ஒன்றுதான் இருக்கும். அப்படியானால் எஸ்எஸ்டியையே வாங்குங்கள். இருந்தால், உள்ள ராமின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் கணினிக்கு 1.5 வோல்ட் ராம் சரிவராது.