பரிமாற்ற செமஸ்டர் என்று சொல்லி எங்கள் 485,000 ரூபாவை வாங்கிவிட்டார்கள். நீங்களும் ஏமாறாதீர்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நேற்றுப் பின்னேரம்தான் அந்த அலுவலகத்துப் படியிறங்கி வந்தோம். எங்கள் 485,000 ரூபா போய்விட்டது. தம்பியின் கடவுச்சீட்டும் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கப் போவதால் பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். ஹட்டன் டவுனில், ஒரு மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புவதாகப் போர்ட் மாட்டிய இடம். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

தம்பி அரச பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை. ஒரு செமஸ்டர் போலந்தில் படிக்கலாம், எராஸ்மஸ் உதவித்தொகை கிடைக்கும், திரும்பி வந்து இங்கேயே பட்டத்தை முடிக்கலாம் என்று ஒரு விளம்பரத்தைப் போனில் பார்த்தான். ஜனவரியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம்.

அந்த முதல் நாளைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். அலுவலகத்தை நடத்துகிற ஆள் மேசையை விட்டு எழுந்து ஓடி வந்து, "போட்டுக்கிட்டே வாங்கம்மா. எங்கம்மாவும் மலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வச்சாங்க" என்றான். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையைப் பிடித்துப் பார்த்தான். முப்பது வருடம் கொழுந்து எடுத்த கை. ஓய்வு பெற்ற பிறகும் விரல் நுனியில் வெடிப்பு ஆறவில்லை. "இந்தக் கைக்கு நான் துரோகம் செய்வேனா?" என்று கேட்டான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதையும் நாங்கள் சந்தேகப்படவே இல்லை.

முதலில் பதிவுக் கட்டணம் 50,000. அப்புறம் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பதற்கு 285,000. அப்புறம் தங்குமிட முற்பணம் 150,000. எல்லாம் காசாகத்தான் வேண்டும், வங்கியில் போட்டால் தாமதமாகும் என்றான். அம்மாவுக்கு வந்த சேமலாப நிதியில் 290,000 எடுத்தோம். சங்கிலியை அடகு வைத்து 120,000. மிச்சம் 75,000 என் சீட்டுப் பணம். அம்மா கடைசியாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன காலத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,350 ரூபா. 485,000 ரூபா என்றால் 359 பேர். வெயிலிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் ஒரு வருடம்!

பற்றுச்சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில், இது ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது என்று போட்டிருக்கிறார்கள். தம்பிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் அவன் சீட்டைப் பார்க்கவில்லை. அம்மா பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் அனுமதிக் கடிதம் என்று ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. போன் எடுத்தால் "சேர் கொழும்பில மீட்டிங்ல இருக்காரு". அடுத்த வாரம் "எம்பசி லீவு". அதற்கடுத்த வாரம் "தம்பியோட ரிசல்ட் கொஞ்சம் குறைவு, அதான் லேட்". மே மாதம் முழுக்க நீல டிக் மட்டும்தான் விழுந்தது, பதில் இல்லை. ஒரு நாள் மட்டும் அந்த ஆளே பேசினான். முதலில் சுற்றுலா விசாவில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றான். போலந்தும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஒரு செமஸ்டர் அதைவிட நீளம், அதற்கு நீண்ட நாள் தங்குவதற்கான தேசிய விசா வேண்டும். இதைத் தம்பி தேடிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

அனுமதிக் கடிதத்தில் இருந்த போலந்துப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு அவனே மின்னஞ்சல் போட்டான். மறுநாளே பதில் வந்தது. இப்படி ஒரு மாணவர் எங்கள் பட்டியலில் இல்லை, கடிதம் எங்களுடையது இல்லை, பரிமாற்ற மாணவரை அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம்தான் பெயர் கொடுத்து அனுப்ப வேண்டும், பரிமாற்ற மாணவர்களிடம் நாங்கள் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. நாலே வரி. தம்பி அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொல்ல முடியாமல் போனை என்னிடம் நீட்டினான்.

எராஸ்மஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் காசு போட்டு நடத்துகிற திட்டம், 1987இல் தொடங்கியது. அதில் பணம் மாணவனுக்கு வரும், மாணவனிடமிருந்து போகாது. அங்கே என்ன பாடம் படிக்கப் போகிறான் என்பதற்கு மாணவன், இங்குள்ள பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு தாளைக் காட்டவே இல்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

நேற்றுப் போனபோது அந்த ஆள் உள் அறையில் இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வெளியே வரவில்லை. மேசையில் இருந்த பெண் பிள்ளை, "நாங்க ஆலோசனைதான் கொடுத்தோம் அக்கா, சீட்டில போட்டிருக்கே" என்றாள். கடவுச்சீட்டையாவது கொடுங்கள் என்றோம். கோப்பை மூட இன்னும் 25,000 கட்டினால் தருவார்களாம்! அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார். வாசலில் வேறொரு தாயும் மகளும் பைலோடு காத்திருந்தார்கள். கொடுக்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். பரிமாற்றம் என்று யார் சொன்னாலும் முதலில் உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். அவர்கள் பெயர் கொடுக்காமல் பரிமாற்றம் நடக்காது. காசைக் கையில் கொடுக்காதீர்கள். சீட்டில் எதற்காக வாங்குகிறார்கள் என்று வாசித்துவிட்டு நோட்டை எடுங்கள். அசல் கடவுச்சீட்டை முகவரிடம் விடவே விடாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறது என்றும் நம்பாதீர்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு, படிப்புக்கு இல்லை.

நாளை காலை 9 மணிக்குப் பொலிசுக்குப் போகிறோம். ஆலோசனைக் கட்டணம் என்று போட்ட அதே மாதிரிச் சீட்டு உங்களிடமும் இருந்தால், அதன் பிரதியோடு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எட்டரைக்கு வாருங்கள். நானும் அம்மாவும் தம்பியும் அங்கே நிற்போம்.