ஆத்தங்குடி டைல்ஸ் ஆன்லைனில்: எந்தப் படத்தை முதலில் வரைவது?

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்று வெளியூர் வீடுகளுக்கு நேரடியாக டைல்ஸ் விற்க இணையதளம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் முதல் டெலிவரி வரை யார் எந்த வேலையை எந்த வரிசையில் செய்கிறார் என்று காட்டும் பி.பி.எம்.என். (BPMN) செயல்முறைப் படத்தை நேராக வரைந்துவிடலாம். அல்லது யார் யாருக்கு எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்ற மதிப்புப் படத்தை இ3வேல்யூ (e3value) என்ற வரைபட முறையில் போட்டுவிட்டு, பிறகு செயல்முறைக்குப் போகலாம்.

நேர்வழி வேகமானது, புரோகிராமருக்கும் உடனே புரியும். காரைக்குடிக் கடை தன் கண்டாங்கிச் சேலையைத் தானே பார்சல் போட்டால் இதுவே தாராளம். டைல்ஸ் விஷயம் வேறு; இடையில் லாரிக்காரர் வருகிறார். செயல்முறைப் படத்தில் சரக்கு கைமாறுவது தெரியும். உரிமை எப்போது மாறுகிறது என்பது தெரியாது. லாரியில் பத்துக் கல் உடைந்தால் நஷ்டம் யார் தலையில்? சிஸ்டத்திடம் பதில் இருக்காது.

மதிப்புப் படத்தில் லாரிக்காரர் டைல்ஸைப் பெறுவதே இல்லை. வாடகைக்குச் சேவை தருகிறார், அவ்வளவுதான். ஆனால் இதில் காலவரிசை கிடையாது. அதை மறந்து அம்புக்குறிகளை அப்படியே படிகளாக்குவதுதான் வழக்கமான சறுக்கல். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கேளுங்கள்: உரிமை எப்போது மாறும், பொருள் யார் கையில் இருக்கும், முதலில் கொடுப்பவர் யார்? ஆர்டருக்குப் பின் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைக்கும் சரக்கு. முன்பணப் படி வார்ப்புக்கு முன் வரட்டும். டெலிவரியின்போது லாரிக்காரர் மீதிப் பணம் வசூலித்தால், அதைப் பட்டறையில் ஒப்படைக்கும் படியைச் செயல்முறையில் தனியாகச் சேர்க்க வேண்டும்; மதிப்புப் படம் அதைக் காட்டாது.

மூன்றாவது தரப்பு வந்துவிட்டால் மதிப்புப் படமே முதலில்.