சிறிய திரையில் ஐந்தொகை: வாடிக்கையாளருக்கு ஆவணம் விளக்கும் காணொளிக் கருவிகள்

கிளிநொச்சியில் கணக்கு எழுதும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துபவருடைய வாடிக்கையாளர்கள் கிளிநொச்சி நகரத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பலர் பரந்து இருக்கிறார்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வேறு சிலர். அரிசி ஆலைக்கு முதல் போட்ட பங்காளி ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்தொகையையும் (சொத்தும் கடனும் எவ்வளவு என்று காட்டும் அறிக்கை) இலாப நட்டக் கணக்கையும் பக்கம் பக்கமாகக் காட்டி விளங்கப்படுத்திய பிறகுதான் கையொப்பம் கேட்க முடியும் என்பதால், காணொளிக் கருவிகளை நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றிய என் மதிப்பீடு. எந்தக் கருவியையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்தே அளக்கிறேன்: வாடிக்கையாளருடைய கைத்தொலைபேசியில் 1,248,500 என்ற தொகையின் ஒவ்வோர் இலக்கமும் தெளிவாகத் தெரிகிறதா, தெரியாவிட்டால் அவர் யாரிடமும் கேட்காமல் நிறுத்திப் பின்னோக்கிச் சென்று பார்க்க முடிகிறதா? எங்கள் மேசையிலுள்ள கணினியில் எத்தனை வசதிகள் உண்டு என்பது அதற்குப் பிறகுதான்.

காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வரி ஆண்டு மார்ச் 31 உடன் முடிகிறது. வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 இற்குள் சமர்ப்பிக்க வேண்டும். வன்னியில் நவம்பர் என்றால் மாரி மழை. மின்சாரம் போய் வரும், கோபுரத்தின் சமிக்ஞை இரண்டு கோட்டுக்குள் வந்து நிற்கும், அதே கிழமையில்தான் எல்லோரும் தங்கள் கணக்கைக் கேட்டு அழைப்பார்கள். கோடை காலத்தில் நகரத்து அலுவலகத்திலிருந்து சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு கருவியை நல்லதென்று முடிவு கட்டுவது அதனால் பயனற்றது.

எல்லோருடைய தொலைபேசியிலும் ஏற்கனவே இருப்பது வட்ஸ்அப். அதன் காணொளி அழைப்பில் திரையைப் பகிரும் வசதி 2023 ஓகஸ்டில் வந்தது. புதிய செயலி எதையும் நிறுவச் சொல்லவோ, கணக்குத் திறக்கச் சொல்லவோ, இணைப்பை அனுப்பி "இதை அமத்துங்கோ ஐயா" என்று மன்றாடவோ தேவையில்லை; அழைத்தால் எடுப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவசரமான, ஒரு பக்கத்துக்கு மேற்படாத விடயங்களுக்கு நான் அதையே எடுக்கிறேன். ஆனால் நேரடி அழைப்பில் இணைப்பு மெலியும்போது படத்தின் தெளிவு குறைந்துவிடலாம். முகத்தைப் பார்த்துக் கதைப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. எக்செல் அட்டவணையைப் பார்ப்பவருக்கு 3 உம் 8 உம் ஒன்றாகிவிடும். கணக்கறிக்கை விடயத்தில் இதைவிட மோசமான குறை வேறு இல்லை.

நேரடிப் பகிர்வில் இன்னொரு சிக்கலும் உண்டு. விற்பனை விளம்பரங்கள் எதுவும் அதைச் சொல்வதில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்து ஆலை உரிமையாளர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், மகள் பிடித்துக்கொண்டிருக்கும் தொலைபேசியில் அறிக்கையைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, இந்தா, இதில கிடக்கிற காசு, இதை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லையே!" என்று கண்ணாடித் திரையில் விரலை ஊன்றுகிறார். அவருடைய விரல் எனக்குத் தெரியாது. அவர் காட்டுவது இயந்திரங்களுக்கான பெறுமானத்தேய்வு, அதாவது பாவனையால் ஆண்டுதோறும் குறையும் பெறுமதி, என்று நான் ஊகிக்கலாம், ஏனென்றால் யாருக்கும் கொடுக்காத பணம் செலவாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான். ஆனால் ஊகத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் கேட்டது ஒன்றும் நான் சொல்வது இன்னொன்றுமாகப் போய்விடும். இதற்கு மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று இலக்கமிட்டால், "பதினேழாம் வரியில கிடக்கிறது என்ன தம்பி?" என்று அவரே கேட்பார். இப்போது என் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் விளக்கப் பிரதி எதுவும் வரி இலக்கம் இல்லாமல் போவதில்லை.

ஸூம் இந்தக் குறைக்கு ஒரு மென்பொருள் விடை வைத்திருக்கிறது. பகிரப்பட்ட திரையின் மேல் பார்ப்பவரும் கோடு கீறலாம், வட்டமிடலாம். கணினியில் ஒரு சாளரத்தை மட்டும் தெரிந்தெடுத்துப் பகிரலாம் என்பதும், இலவசத் திட்டத்திலேயே கணினியில் பதிவு செய்து கோப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதும் பெரிய அனுகூலங்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவுக்கு ஆண்டறிக்கையை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் காணவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் வெவ்வேறு இடங்களிலிருந்து சேரலாம், விவாதம் முடிந்தபின் பதிவை எல்லோருக்கும் அனுப்பலாம். இலவசத் திட்டத்தில் கூட்டம் 40 நிமிடத்துடன் துண்டிக்கப்படும், 2022 ஆம் ஆண்டிலிருந்து இருவர் மட்டும் கதைக்கும் சந்திப்புக்கும் இந்த எல்லை பொருந்தும் என்பது பலருக்கு எரிச்சல் தருவது. எனக்கு அது அவ்வளவு குறையாகப் படவில்லை. நாற்பது நிமிடத்துக்குமேல் எண்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழு எதுவும் இருபத்தைந்தாம் நிமிடத்திலேயே தலையாட்டத் தொடங்கிவிடுகிறது. உண்மையான தடை வேறிடத்தில்: கைத்தொலைபேசியில் செயலியை நிறுவி, ஒலிவாங்கிக்கு அனுமதி கொடுத்து உள்ளே வருவதற்குள் முதல் பத்து நிமிடம் போய்விடும். வீட்டில் பாடசாலைப் பிள்ளை இருந்தால் இந்தத் தடை இல்லை, ஏனென்றால் கொரோனாக் காலத்து வகுப்புகளால் பிள்ளைகளுக்கு ஸூம் தண்ணீர்பட்ட பாடு.

கூகுள் மீற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இலவசக் கணக்கில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேரும் கூட்டத்துக்கு 60 நிமிட எல்லையும், இருவர் மட்டும் என்றால் 24 மணித்தியாலம் வரையான அனுமதியும் உண்டு. பதிவு செய்யும் வசதி இல்லை. நீண்ட உடன்படிக்கை ஒன்றை வெளிநாட்டுப் பங்காளியுடன் வாசகம் வாசகமாகப் பார்ப்பதற்கு இது போதுமானது. அவரிடம் மடிக்கணினியும் நல்ல இணைப்பும் இருக்கும். எங்கள் பக்கத்துச் சமிக்ஞை மட்டும்தான் கவலை.

வெளிநாட்டுப் பங்காளி என்றதும் நேர வேறுபாடு வந்துவிடுகிறது. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவு ஏழு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது அங்கே அவர் வேலைக்குப் போய்விடுவார். இப்படியானவருக்கு நேரடிச் சந்திப்பைவிடப் பதிவு செய்து அனுப்பிய காணொளியே பொருந்தும். இந்த வகையில் அதிகம் பேசப்படுவது லூம். 2023 இல் அட்லாசியன் நிறுவனம் ஏறக்குறைய 975 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கிய சேவை இது. திரையையும் ஓரத்தில் எங்கள் முகத்தையும் ஒன்றாகப் பதிவு செய்து, முடிந்தவுடன் ஓர் இணைப்பைத் தருகிறது. பார்ப்பவர் குறித்த நொடியில் தன் கேள்வியை எழுதி வைக்கலாம். "2:10 இல் நீங்கள் காட்டும் கடன் வங்கிக் கடனா, கைமாற்றா?" என்று ஒருவர் எழுதிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் அலுவலகம் திறந்ததும் அந்த இடத்துக்கே போய்ப் பதில் எழுதலாம். வேலை ஒழுங்காக நடக்கும் முறை இது. இலவசத் திட்டத்தில் ஒரு காணொளி ஐந்து நிமிடம், மொத்தம் 25 காணொளிகள் என்ற எல்லை உண்டு. ஐந்து நிமிடத்தை நான் நல்ல கட்டுப்பாடாகவே பார்க்கிறேன். இருபத்தைந்து என்பதுதான் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இருந்தாலும் லூமை வன்னிக்குள் இருக்கும் வாடிக்கையாளருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது இணையத்திலிருந்து ஓடும் காணொளி. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் டேட்டா கரையும், சமிக்ஞை தளர்ந்தால் நின்று நின்று ஓடும். எங்கள் ஆட்களோ ஒரு முறை பார்த்துவிட்டு விடுபவர்கள் அல்லர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியுடன் ஒரு முறை, மறுநாள் மருமகனைக் கூப்பிட்டு இன்னொரு முறை என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதுதான் எனக்கும் வேண்டும். ஆகவே தொலைபேசிக்குள் ஒரே தடவை இறங்கி அங்கேயே தங்கிவிடும் கோப்பாக அனுப்புவதே இங்கு சரிவரும்.

அந்தக் கோப்பைத் தயாரிக்க நான் நம்புவது ஓபிஎஸ். கணினித் திரையையும் குரலையும் பதிவு செய்யும், 2012 முதல் இருந்து வரும் இலவசத் திறந்தமூல மென்பொருள்; விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நேரலை ஒளிபரப்புச் செய்பவர்களுக்காக உருவான கருவி என்பதால் முதல் பார்வையில் பயமுறுத்தும். ஆனால் எங்கள் வேலைக்கு மூன்று அமைப்புகளைத் தொட்டால் போதும். முதலாவது, படச் சட்டத்தின் அளவை 1280 க்கு 720 என்பதை மாற்றி 720 க்கு 1280 என்று நிமிர்த்தி வைப்பது. ஏ4 தாள் 210 க்கு 297 மில்லிமீற்றர், நிமிர்ந்த தாள். தொலைபேசியும் நிமிர்ந்தே பிடிக்கப்படுகிறது. அப்படியிருக்க நடுவில் உள்ள காணொளி மட்டும் படுத்திருந்தால் எழுத்துகள் பாதியளவாகச் சுருங்கிவிடும். கணக்கு விளக்கும் காணொளிகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலேயே தோற்கின்றன. இரண்டாவது, நொடிக்கு 30 படங்கள் என்பதை 10 ஆகக் குறைப்பது. அசையாத தாளுக்கு அதற்குமேல் தேவையில்லை. மூன்றாவது, படத்துக்கு நொடிக்கு 250 கிலோபிற்றும் ஒலிக்கு 64 கிலோபிற்றும் ஒதுக்குவது. கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 மெகாபைற், நான்கு நிமிட விளக்கம் பத்து மெகாபைற்றுக்குள் அடங்கும். மழை நாளிலும் அது போய்ச் சேரும். மென்பொருள் எம்கேவி வடிவில் சேமித்திருந்தால், அதற்குள்ளேயே இருக்கும் வசதியால் எம்பி4 ஆக மாற்றிய பின்னரே அனுப்ப வேண்டும். எம்கேவி கோப்பைப் பல தொலைபேசிகள் திறப்பதில்லை.

அனுப்பும்போது வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக இணைக்க வேண்டும். காணொளியாக அனுப்பினால் செயலி தானே அதை நசுக்கி, நாங்கள் கவனமாகப் பாதுகாத்த இலக்கங்களை மங்கலாக்கிவிடும். ஆவணமாக 2 கிகாபைற் வரை அனுப்பலாம் என்பதால் அளவைப் பற்றிய கவலையும் இல்லை.

ஓபிஎஸ்ஸைத் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கு விண்டோஸ் 11 இல் உள்ள ஸ்னிப்பிங் ரூல் திரையையும் குரலையும் பதிவு செய்யும். ஒற்றைப் பக்கத்துக்கு அது போதும். விண்டோஸுடன் வரும் கேம் பாரும் பதிவு செய்யும், ஆனால் ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே. எக்செல்லிலிருந்து பிடிஎஃப்புக்குத் தாவினால் அது பின்தொடராது.

காணொளியின் ஒரு பயனை எங்கள் பகுதியில் வேலை செய்பவர்கள் உடனே உணர்வார்கள். பழைய உடன்படிக்கைகள், சங்க யாப்புகள், கடிதங்கள் பல இன்றும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால் வாடிக்கையாளரின் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறக்கும். அவர் பயந்துபோய், "கோப்பில வைரஸ் ஏறிட்டுதோ" என்று கேட்பார். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இந்தப் பிரச்சினை தீரும் என்பது உண்மையே. ஆனாலும் காணொளியில் எழுத்து படமாகவே போவதாலும், கூடவே குரல் வாசித்துச் சொல்வதாலும், கண்ணாடி போடாமல் வாசிக்க முடியாத பெரியவருக்கும் ஆவணம் போய்ச் சேர்கிறது.

இரகசியம் காப்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் அது எங்கள் பொறுப்பு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. தொலைபேசியிலிருந்து முழுத் திரையையும் பகிரும்போது மேலே விழும் அறிவித்தல்கள் மறுபக்கத்தில் தெரியக்கூடும்: இன்னொரு வாடிக்கையாளரின் பெயர், அவர் கடன் கேட்டு அனுப்பிய செய்தி, வங்கியின் ஒருதடவைக் கடவுச்சொல். அறிவித்தல்களை நிறுத்திவிட்டே பகிர வேண்டும். முடிந்தால் கணினியிலிருந்து ஒரு சாளரத்தை மட்டும் பகிர வேண்டும். பதிவு செய்யும் பிரதியில் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தின் நடுப்பகுதியையும் நான் மறைத்துவிடுவேன். விளக்கத்துக்கு அவை தேவைப்படுவதே இல்லை. யூரியூப்பில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றி இணைப்பை அனுப்புவது சிலருடைய வழக்கம். இணைப்புக் கிடைத்த எவரும் அதைப் பார்க்கலாம் என்பதால் ஒருவருடைய கணக்குக்கு அது பொருந்தாது. வரி செலுத்துநர் இலக்கம் எடுப்பது எப்படி, பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர் பதிய என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பவை போன்ற எல்லோருக்கும் பொதுவான விளக்கங்களுக்கு மட்டும் அது நல்ல இடம்.

ஒலிவாங்கிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தொலைபேசியுடன் வந்த கம்பியுள்ள காதுக்கருவியும், நிறுத்திவைத்த மின்விசிறியும் போதும். குரல் தெளிவில்லாத காணொளியை வாடிக்கையாளர் முழுதாகப் பார்ப்பதில்லை என்பதால் நான் பதிவை ஒரு முறை தொலைபேசியிலேயே, ஒலிபெருக்கியில், கேட்டுப் பார்த்த பின்னரே அனுப்புகிறேன்.

வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பவர் கையொப்பமிடும் பத்திரத்தை மட்டும் இந்தக் கருவிகள் எவற்றிலும் நான் விளக்குவதில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் உறவினர் அவருக்காகத் தலையாட்டுகிறாரா, அவரே விளங்கித் தலையாட்டுகிறாரா என்பதைத் தொலைபேசியின் சட்டத்துக்குள் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அவரை அலுவலகத்துக்கு வரச் சொல்கிறேன்; வர முடியாதவராக இருந்தால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறுகிறேன்.