விரிவுரையா, பெஞ்சில் கூடிப் போடும் கணக்கா?

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். குலசேகரத்திலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பு அதிகம் உதவும்?

விரிவுரையில் ஒழுங்கு உண்டு. பாடம் நகரும், தேர்வுக்குள் யூனிட் முடியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நாலுபேர் கூடிக் கணக்குப் போடும் வகுப்பு மெதுவாகப் போகும், சத்தமும் அதிகம். ஆனால் 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவீதம். மாணவர்களே இறங்கி வேலை செய்த வகுப்புகளில் சுமார் 22.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2019-இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வு. தாங்களே முயன்று படித்தவர்கள் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் நன்றாகப் படித்ததாக உணர்ந்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள்தான்! சரளமான பேச்சு, புரிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. திணறலோ கற்காதது போலத் தோன்றுகிறது. "சார், நீங்களே போட்டுக் காட்டுங்க" என்று என் பிள்ளைகள் கெஞ்சுவதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

அதனால் என் தேர்வு கூடிப் போடும் கணக்குதான். விளக்கத்தை வீடியோவாக முந்தின நாளே மொபைலுக்கு அனுப்பிவிடலாம். நிறுத்தி, திருப்பிப் பார்க்கலாம். அப்புறம், இந்த ஹார்வர்டு முடிவை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். திணறும்போது பயப்படமாட்டார்கள்.